ஆள் எடுப்பதில் சைக்கோமெட்ரிக் தேர்வு: புதிதாகப் பொறுப்பேற்ற எச்.ஆர். ஊழியருக்கு

முதலாளி ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "இனிமேல் ஆள் எடுக்கும்போது சைக்கோமெட்ரிக் டெஸ்ட் வைத்துவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். அறிவுத்திறனையும் குணத்தையும் அளக்கும் தேர்வுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மறுநாளே ஒருவர் மடிக்கணினியுடன் வந்து, வண்ணச் சக்கரங்களும் பட்டை வரைபடங்களும் நிறைந்த அறிக்கையைத் திரையில் காட்டியிருப்பார். ஒரு தேர்வருக்கு இவ்வளவு ரூபாய், நூறு பேருக்கு மேல் போனால் தள்ளுபடி. எச்.ஆர். வேலைக்குப் புதியவரான உங்களிடம், "எதை வாங்கலாம்?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். இந்த வேலையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது தேர்வின் பெயரை அல்ல. அதைக் கொண்டு எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதை. அது தெளிவானால் பாதி விற்பனைப் பேச்சு தானாக உதிர்ந்துவிடும். சில வேலைகளுக்குத் தேர்வே வேண்டாம் என்றும் முடிவாகலாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் விவசாய பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். அங்கே சர்வீஸ் கோ-ஆர்டினேட்டர் பதவிக்கு 4 பேர் தேவை. 60 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன.

1. வேலையை எழுதி வையுங்கள்

பழைய விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். "சிறந்த தகவல் தொடர்புத் திறன், குழு மனப்பான்மை, அழுத்தத்தைத் தாங்கும் திறன்" என்று இருக்கும். எந்த வேலைக்கும் பொருந்தும் இந்த மூன்றும் எந்த வேலையைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அருகே ஒரு முழு நாள் இருங்கள். என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு உடுமலையிலிருந்து ஒரு விவசாயி அழைக்கிறார்: "மோட்டார் காயில் எரிந்து மூன்று நாள் ஆகிவிட்டதுங்க, பயிர் வாடுகிறது." குரல் உயர்கிறது. வாரன்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில் எண் கேட்டால் அவர் இன்னும் கோபப்படுவார், ஆனாலும் கேட்டாக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் போயிருக்கும் மெக்கானிக்கை அப்படியே உடுமலைக்கு அனுப்ப முடியுமா? அவர் வண்டியில் தேவையான பேரிங் இருக்கிறதா? நாளை காலை வருவார் என்று சொன்னால், நாளைக் காலை ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். பதியாமல் விட்டால் மாலை ஷிப்டுக்கு வருபவருக்கு ஒன்றும் புரியாது.

பிறகு மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையில் சேர்ந்து சரிப்படாமல் போனவர்கள் எதனால் சரிப்படவில்லை?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல பக்க வேலை விவரணையைவிட மேலானது. நம் பம்ப் நிறுவனத்தில் பதில் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: ஒருவர் நன்றாகப் பேசினார், ஆனால் சொன்னபடி திரும்ப அழைக்கவில்லை. இன்னொருவர் திட்டு வாங்கினால் அன்று முழுவதும் முடங்கிவிட்டார். மூன்றாமவருக்கு எந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது, யாரை எங்கே அனுப்பினால் நேரம் மிச்சமாகும் என்ற கணக்கே பிடிபடவில்லை.

தேவை மூன்றாகச் சுருங்கிவிட்டது: சொன்னதைச் செய்யும் பொறுப்புணர்வு, கோபமான பேச்சில் நிலைகுலையாமை, வேலையைத் திட்டமிடும் அறிவு. கலகலப்பாகப் பழகும் குணம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்முகத்தில் நம்மை மயக்குவது பெரும்பாலும் அதுதான்.

2. எந்தத் தேவைக்கு எந்தக் கருவி

சைக்கோமெட்ரிக் என்ற ஒரே பையில் பலவற்றைப் போட்டு விற்கிறார்கள். திறனறித் தேர்வு என்பது சரியான விடை உள்ள தேர்வு: எண், மொழி, தர்க்கம், வடிவங்களுக்கிடையேயான உறவு. ஆளுமைத் தேர்வில் சரி, தவறு கிடையாது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம் அது. நேர்மைத் தேர்வு, ஒரு நிலைமையைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்கும் சூழ்நிலைத் தீர்ப்புத் தேர்வு என்று வேறு சிலவும் உண்டு. மனநோயைக் கண்டறிய மருத்துவமனைக்காக உருவாக்கப்பட்டவை தனி. அவற்றின் பக்கமே போக வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எது எவ்வளவு கணிக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் ஓர் எண்ணைத் தருகிறார்கள். 0 என்றால் தேர்வுக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் தொடர்பே இல்லை. 1 என்றால் முழுமையான கணிப்பு. 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் பொதுவான அறிவுத்திறனை அளக்கும் தேர்வுக்கு (மேலே சொன்ன திறனறித் தேர்வு வகை) 0.51. பல நிறுவனங்களின் விற்பனைத் தாள்களில் இன்றும் இந்த எண்தான் மின்னுகிறது. ஆனால் 2022-ல் சாக்கெட்டும் மூன்று சக ஆய்வாளர்களும் அந்தக் கணக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, பழைய கணக்கில் செய்த புள்ளியியல் திருத்தங்கள் எண்களை வேண்டியதற்கு மேல் உயர்த்திவிட்டன என்று காட்டினார்கள். அவர்கள் கணக்கில் அறிவுத்திறன் தேர்வு 0.31-க்கு இறங்கியது. முதலிடத்துக்கு வந்தது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் திட்டமிட்ட நேர்முகம்: 0.42. வேலை சார்ந்த அறிவைச் சோதிக்கும் தேர்வு 0.40, செய்துகாட்டச் சொல்லும் மாதிரிப் பணி 0.33, ஆளுமையில் பொறுப்புணர்வு 0.19. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்முகமும் அதே 0.19. எத்தனை வருட அனுபவம் என்பது வெறும் 0.07.

1998 பட்டியலில் கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் முறையும் இருந்தது. அதற்குக் கிடைத்தது 0.02. விண்ணப்பத்தைக் கையால் எழுதி வாங்கி ஆராயும் முதலாளிகளும், பிறந்த நட்சத்திரம் கேட்கும் முதலாளிகளும் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் இந்த எண்ணைப் பக்குவமான நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

0.3 என்பதைக் கேட்டால் சலிப்பாக இருக்கலாம். அதன் பயனை இப்படிப் பாருங்கள். விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேர் வேலைக்குத் தேறக்கூடியவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் 100-க்கு 50 பேர் சரியாக அமைவார்கள். 0.3 கணிப்புத்திறன் உள்ள ஒரு தேர்வை வைத்து, மேலே வரும் ஐந்தில் ஒரு பங்கினரை மட்டும் எடுத்தால் 100-க்கு ஏறத்தாழ 67 பேர் சரியாக அமைவார்கள். ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு இது நல்ல லாபம். ஆனால் மீதி 33 பேர் தேர்வில் மேலே வந்தும் வேலையில் சறுக்குவார்கள். "எங்கள் அறிக்கை ஆளைப் புட்டுப் புட்டு வைத்துவிடும்" என்பவர் இந்த 33-ஐ மறைக்கிறார். இன்னொன்று: மூன்று இடத்துக்கு நான்கு பேர்தான் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு நல்ல தேர்வாலும் பெரிய பயன் இல்லை. பொறுக்கி எடுக்க ஆள் வேண்டுமே. அந்தப் பணத்தில் விளம்பரத்தை இன்னும் பல ஊர்களுக்குக் கொண்டு போங்கள்.

பம்ப் நிறுவனத்துக்குத் திரும்பினால், திட்டமிடும் அறிவைப் பார்க்க மாதிரிப் பணி. நிலைகுலையாமையைப் பார்க்கத் திட்டமிட்ட நேர்முகமும், நம் ஆள் ஒருவர் கோபமான விவசாயியாக நடித்துப் பேசும் தொலைபேசி நாடகமும். பொறுப்புணர்வைப் பார்க்க ஓர் ஆளுமைத் தேர்வோடு முந்தைய வேலையிடத்தில் விசாரணை. வாங்க வேண்டியது ஒன்றுதான். மற்றவற்றை நீங்களே தயாரிக்கலாம்.

மாதிரிப் பணி செய்வது சுலபம். ஒரு தாளில் பத்துப் புகார்களை எழுதுங்கள்: அன்னூர், சூலூர், பல்லடம், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் என்று ஊர்கள், சிலவற்றுக்கு வாரன்டி உண்டு, சிலவற்றுக்கு இல்லை, ஒன்றில் மாடுகளுக்குக் குடிதண்ணீரே இல்லை. மூன்று மெக்கானிக்குகள், அவர்களிடம் இருக்கும் உதிரிபாகங்கள். "நாளைய வேலையைப் பிரித்துக் கொடுங்கள், 25 நிமிடம்." எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்பே எழுதி வையுங்கள். அன்னூரையும் பொள்ளாச்சியையும் ஒரே ஆளுக்கு ஒரே காலையில் கொடுத்தவருக்கு எவ்வளவு குறைப்பது என்பதைத் தாள் திருத்தும்போது யோசிக்கக் கூடாது. வெளியூர்க்காரர்கள் தடுமாறாமல் இருக்க ஒரு வரைபடம் கொடுத்துவிடுங்கள். நாம் சோதிப்பது பூகோள ஞானத்தை அல்ல.

3. ஆளுமைத் தேர்வு வாங்கும்போது

இன்றைய ஆய்வுலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கட்டமைப்பு ஐந்து பண்புகளைக் கொண்டது: பொறுப்புணர்வு, உணர்ச்சிச் சமநிலை, புறமுக நாட்டம் (கலகலப்பாகப் பழகும் குணம்), இணக்கம், புதியதை ஏற்கும் மனம். ஒவ்வொன்றும் ஒரு அளவுகோல். ஒவ்வொருவரும் அதில் எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் நடுவில். உங்களிடம் விற்க வரும் தேர்வு இந்த ஐந்தோடு எப்படித் தொடர்புடையது என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் நல்ல அறிகுறி.

நான்கெழுத்து வகைகளாக மனிதர்களைப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு நம் நிறுவனங்களில் மிகவும் பிரபலம். காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மயர்ஸ் என்ற மகளும் கார்ல் யுங்கின் கருத்துகளிலிருந்து உருவாக்கியது அது. பயிற்சி வகுப்பில் பேச்சைத் தொடங்கிவைக்க உதவலாம். ஆள் எடுக்க உதவாது. அதை வெளியிடும் நிறுவனமே ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. அளவுகோலை நடுவில் வெட்டி இருபுறமும் இரண்டு பெயர் வைத்தால், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓரடியும் அந்தப் பக்கம் ஓரடியும் தள்ளி நிற்கும் இருவர் எதிரெதிர் வகையினராகிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே ஆள் திரும்ப எழுதினால் எழுத்து மாறிவிடுவதும் இதனால்தான். சில அலுவலகங்களில் இந்த நான்கெழுத்தை ராசிபோல மேசையில் எழுதி வைத்து, "அவர் அந்த வகை, அப்படித்தான் இருப்பார்" என்று பேசுவதைக் கேட்கலாம்.

விற்க வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியத்துக்கு எச்சரிக்கையாக இருங்கள். முதலாளியையே இலவசமாகத் தேர்வு எழுதச் சொல்வார்கள். அறிக்கையைப் படித்துவிட்டு அவர், "என்னை அப்படியே எழுதியிருக்கிறதே!" என்று வியப்பார். ஒப்பந்தம் முடிந்தது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அந்தப் பத்தியின் வாக்கியங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. ஆகவே "பொருந்துகிறது" என்ற உணர்வு ஆதாரம் ஆகாது. முதலாளி, மேலாளர், நீங்கள் என மூவரும் எழுதுங்கள். மூன்று அறிக்கைகளிலும் பெயரை மறைத்து மூவரிடமும் கொடுத்து, தன்னுடையது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விற்க வந்தவரும் அறையில் இருக்கட்டும்.

அடுத்து, அந்தத் தேர்வின் தொழில்நுட்பக் கையேட்டைக் கேளுங்கள். வண்ண விளம்பரத் தாள் அல்ல, கையேடு. "அது ரகசியம்" என்றால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். கையேட்டில் மூன்றைத் தேடுங்கள்.

நம்பகத்தன்மை: அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருகிறதா? இதற்கும் 0 முதல் 1 வரைதான் அளவு. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் 0.8-க்குக் கீழே என்றால் எனக்குத் தயக்கம் உண்டு, 0.7-க்குக் கீழே என்றால் வாங்க மாட்டேன்.

ஏற்புடைமை: எந்த வேலையில், எத்தனை ஊழியர்களிடம், எந்த அளவீட்டோடு ஒப்பிட்டார்கள்? "500 நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன" என்பது விற்பனைக் கணக்கு. இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

ஒப்பீட்டுக் குழு: உங்கள் தேர்வரின் மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிடுகிறார்கள்? வெளிநாட்டு மேலாளர்களோடு ஒப்பிட்டு, பட்டயப் படிப்பு முடித்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு "தலைமைப் பண்பு குறைவு" என்று அறிக்கை வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

தன்னைப் பற்றிய கேள்விகளில் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்வது இயல்பு. "ஒப்புக்கொண்ட வேலையைத் தள்ளிப்போடுவேன்" என்ற வரிக்கு வேலை தேடுபவர் எவரும் ஆமாம் போட மாட்டார். இதற்கு மாற்றாக, சமமாக நல்லவையாகத் தோன்றும் இரண்டு மூன்று வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வடிவம் இருக்கிறது. நடிப்பது அதில் கடினம். ஆனால் பழைய முறையில் மதிப்பெண் போட்டால் அது ஒருவருக்குள் எந்தக் குணம் மேலோங்கியது என்று மட்டுமே சொல்லும். இரண்டு பேரில் யாருக்கு அதிகம் என்று சொல்லாது. ஆட்களை ஒப்பிடத்தானே நாம் வாங்குகிறோம்! விற்பவர் இதை எப்படிச் சமாளித்திருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். சில தேர்வுகளில் பொய்யைப் பிடிக்கும் அளவுகோல் என்று ஒன்று இருக்கும். அதில் அதிக மதிப்பெண் வந்தது என்பதற்காக யாரையும் பொய்யர் என்று ஒதுக்க வேண்டாம். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவருக்கும் அது ஏறும்.

4. தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்தில் வேண்டுமா

வேலை எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில். விவசாயியிடம் தமிழில் பேசப்போகிறவருக்கு ஆங்கிலத்தில் ஆளுமைத் தேர்வு வைத்தால், கடைசியில் அளந்தது ஆங்கிலத்தைத்தான். திறனறித் தேர்வில் இது இன்னும் மோசம். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேள்வியைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும்.

அமெரிக்காவில் இதே வகையான ஒரு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையத்தில், நல்ல சம்பளமுள்ள பிரிவுகளில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் இரண்டு பொதுவான திறனறித் தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்தத் தேர்வுகளுக்கும் அங்கே செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. தரமான பள்ளிக்கல்வி மறுக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள்தான் பெருமளவில் வடிகட்டப்பட்டார்கள். 1971-ல் தீர்ப்பு வந்தது: உள்நோக்கம் இல்லாவிட்டாலும், வேலையோடு தொடர்பில்லாத தேர்வு ஒரு பிரிவினரை வெளியே நிறுத்தினால் அது செல்லாது. இந்தியச் சட்டம் வேறு. ஆனாலும் அந்தத் தர்க்கத்தை நம் அலுவலக வாசலில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் தேர்வில் தேறாதவர்களின் பட்டியலை எடுத்து, அரசுப் பள்ளித் தமிழ் வழியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ் வடிவம் இருக்கிறது என்று சொன்னால் அதை வாங்கிப் படித்துப் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இரண்டாவது வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பாக எதிர்மறை வாக்கியங்களைப் பாருங்கள். "நான் ஒருபோதும் நேரம் தவறியதில்லை" என்று இருந்து, விடையில் "உடன்படவில்லை" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், யாருக்கும் தலை சுற்றும். தற்போது வேலையில் இருக்கும் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

5. தேர்வு நாள்

வீட்டிலிருந்தே எழுதலாம் என்பது வசதி. ஆனால் திறனறித் தேர்வை வீட்டிலிருந்து எழுதினால், எழுதியது தேர்வரா, அவர் அண்ணனா, செயற்கை நுண்ணறிவுச் செயலியா என்று தெரியாது. சுருக்கமான தேர்வாக இருந்தாலும் அலுவலகத்தில் வரவழைத்து வையுங்கள். ஆறங்குலக் கைபேசித் திரையில் எழுதுபவரையும் பெரிய கணினியில் எழுதுபவரையும் நேரம் வைத்து ஒப்பிடுவதும் சரியல்ல.

எதற்காக இந்தத் தேர்வு, எவ்வளவு நேரம், யார் முடிவைப் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். மாதிரிக் கேள்விகள் நாலைந்து கொடுங்கள். நகரத்துக் கல்லூரியில் இத்தகைய தேர்வுகளைப் பத்துமுறை எழுதிப் பழகியவருக்கும் முதல்முறை பார்ப்பவருக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் குறையும். பார்வைக் குறைபாடோ வேறு சிரமமோ இருந்தால் முன்பே சொல்லும்படி கேளுங்கள். "பதில்களைப் பற்றி நேர்முகத்திலும் கேட்போம்" என்ற ஒரு வரியும் இருக்கட்டும். மிகைப்படுத்துவதை அது ஓரளவு கட்டுப்படுத்தும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. மதிப்பெண்ணைப் படிக்கும் விதம்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அறிக்கையில் டி-மதிப்பெண் என்று ஒன்று இருக்கும். அதில் சராசரி 50. மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 40-க்கும் 60-க்கும் இடையில் இருப்பார்கள். ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்குப் படித்தவர்களுக்கு இது பழக்கமானது: கணினி வழித் திறனறித் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-மதிப்பெண் எடுக்க வேண்டும். சராசரிக்குச் சற்றுக் கீழே கோடு போட்டு, அதற்கும் கீழே இருப்பவர்களை மட்டும் நிறுத்துகிறார்கள். கோடு போடும் விதத்துக்கு நல்ல உதாரணம்.

இப்போது ஒரு தேர்வர் பொறுப்புணர்வில் 56, இன்னொருவர் 52. முதலாமவர் மேல் என்று எழுதிவிடத் தோன்றும். நம்பகத்தன்மை 0.8 உள்ள தேர்வில் ஒரு மதிப்பெண்ணின் இயல்பான தடுமாற்றம் மட்டுமே இருபுறமும் 4.5 புள்ளி. இருவருக்கிடையே உள்ள வித்தியாசத்தின் தடுமாற்றம் 6-க்கும் மேல். நாளைக்கே இருவரும் திரும்ப எழுதினால் இடம் மாறிவிடலாம். எனவே மதிப்பெண் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்காதீர்கள். கவலைப்பட வேண்டியவர், பரவாயில்லை, நன்று என்ற மூன்று பிரிவு போதும். நூறு பேரில் எத்தனை பேர் இவருக்குக் கீழே என்று சொல்லும் நூற்றுமானம் இன்னும் ஏமாற்றும். 50-வது நூற்றுமானமும் 60-வது நூற்றுமானமும் எட்ட இருப்பதுபோலத் தெரியும். டி-மதிப்பெண்ணில் அது இரண்டரைப் புள்ளிதான்.

"இவருக்கு 78 சதவீதம் வேலைப் பொருத்தம்" என்று ஒரே எண்ணாகப் பிழிந்து தரும் அறிக்கைகளும் உண்டு. அந்த 78 எப்படி வந்தது என்று கேளுங்கள். எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

7. அறிக்கையை நேர்முகக் கேள்வியாக மாற்றுங்கள்

ஆளுமை அறிக்கையின் நல்ல பயன் இதுவே என்பது என் அபிப்பிராயம். பொறுப்புணர்வில் ஒருவருக்கு 38 வந்திருக்கிறது. உடனே நிராகரிக்காமல் இப்படிக் கேளுங்கள்: "ஒருவருக்குக் குறிப்பிட்ட நாளில் செய்து தருவதாகச் சொல்லி, செய்ய முடியாமல் போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். எப்போது அவரிடம் தெரிவித்தீர்கள்?" நல்ல பதில் எப்படி இருக்கும், சுமாரான பதில் எப்படி இருக்கும் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை முன்பே எழுதி வையுங்கள். தவணைக்கு முன்பே தானாகச் சொல்லி மாற்று ஏற்பாடு செய்தவருக்கு ஐந்து. அவர் கேட்ட பிறகு சொன்னவருக்கு மூன்று. மற்றவர்மேல் பழி போட்டவருக்கு ஒன்று. இந்தக் கேள்வியை அந்த ஒருவரிடம் மட்டும் கேட்காமல் எல்லாரிடமும் கேட்க வேண்டும், அதே வரிசையில். இரண்டு பேர் நேர்முகம் நடத்தினால் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிய பிறகே பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதையே இளையவரும் சொல்வார்; "சார் சொன்னால் சரிதான்" என்பது நம் அலுவலகங்களின் எழுதப்படாத சட்டம்.

ஆளுமை அறிக்கையை நேர்முகம் நடத்துபவர்களிடம் முன்னதாகவே கொடுக்காமல் இருப்பது நல்லது. படித்துவிட்டு வந்தால் அதில் சொன்னதையே ஆளிடம் தேடுவார்கள். முதல் சுற்று மதிப்பெண்கள் எழுதி முடிந்தபின் திறந்து, முரண்படும் இடங்களை மட்டும் இன்னும் பத்து நிமிடம் விசாரிக்கலாம்.

8. கேட்கக் கூடாதவை

ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தில் படம் பார்த்துக் கதை எழுதுவது, 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்களுக்கு வாக்கியம் எழுதுவது போன்ற தேர்வுகள் உண்டு. அவற்றை இணையத்தில் பார்த்துவிட்டுத் தங்கள் அலுவலகத்தில் முயல்பவர்கள் இருக்கிறார்கள். வாரியத்தில் அந்தத் தாள்களைப் படிப்பவர் பயிற்சி பெற்ற உளவியலாளர். குழுப் பணியும் நேர்முகமும் சேர்ந்து ஐந்து நாள் நடக்கும் தேர்வின் ஒரு பகுதி அது. சும்மா ஒருவர் எழுதிய கதையில் சாவு வந்தது என்பதற்காக அவரை மனச்சோர்வு உள்ளவர் என்று நாம் முடிவு கட்டுவது அநியாயம்.

மருத்துவத் தேர்வுகளுக்கும் இதே விதிதான். மினசோட்டா பன்முக ஆளுமைத் தேர்வு மனநோய்களைக் கண்டறிய உருவானது. அமெரிக்காவில் ஒரு வாடகைப் பொருள் நிறுவனம் அதைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தியபோது, அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், எனவே மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானது என்று 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்பு 1991-ல், கடைக் காவலர் பணிக்கு வந்தவர்களிடம் மத நம்பிக்கை, பாலுணர்வு பற்றியெல்லாம் கேட்ட தேர்வை எதிர்த்துக் கலிபோர்னியாவில் வழக்கு நடந்து, விண்ணப்பதாரர்களின் அந்தரங்க உரிமைக்குச் சாதகமாக மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. கேள்விகளை வரிவரியாகப் படியுங்கள்: தூக்கம், அழுகை, கடவுள், திருமணம், குடும்பத்துச் சண்டை என்று எதுவாவது வந்தால் அது ஆள் எடுக்கும் தேர்வு அல்ல.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. எதற்காகச் சேகரிக்கிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அந்த நோக்கம் முடிந்ததும் அழியுங்கள். தேறாதவர்களின் அறிக்கைகள் பகிரப்பட்ட கோப்புறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக் கூடாது. விற்பவரிடம் தரவு எங்கே இருக்கிறது, அவர் வேறு எதற்கும் பயன்படுத்துவாரா என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும்.

9. சேர்ந்தபின் திரும்பிப் பாருங்கள்

எடுத்தவர்களின் தேர்வு மதிப்பெண், மாதிரிப் பணி, நேர்முக மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒரு விரிதாளில் பூட்டி வையுங்கள். மேற்பார்வையாளருக்கு அதைக் காட்டக் கூடாது. காட்டினால் அவர் மதிப்பீடு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து, முன்பே ஒப்புக்கொண்ட அளவுகளில் அவரிடம் மதிப்பீடு வாங்குங்கள்: சொன்ன நேரத்தில் திரும்ப அழைத்த புகார்கள் எத்தனை, பதிவில்லாமல் விடுபட்டவை எத்தனை, மெக்கானிக் வீணாக அலைந்தது எத்தனை முறை.

அவசர முடிவு மட்டும் வேண்டாம். உண்மையில் 0.3 தொடர்பு உள்ள ஒரு தேர்வை 30 பேரிடம் பார்த்தால், தற்செயலின் விளையாட்டால் அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயும் காட்டலாம், 0.6 என்றும் காட்டலாம். ஒரே தொகுப்பை வைத்து "நம் தேர்வு அபாரம்" என்றோ "எல்லாம் வீண்" என்றோ முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு சேர்த்துப் பாருங்கள். சிறிய நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணிக்கை வரவே வராது. அப்போது கையேட்டில் உள்ள ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டும். கையேட்டை அவ்வளவு பிடிவாதமாகக் கேட்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

தேறாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எனக்கு என்ன குறைங்க?" என்று கேட்பார். ஆளுமை அறிக்கையைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் குணத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். மாதிரிப் பணியில் எந்த இடத்தில் மதிப்பெண் குறைந்தது என்று சொல்லுங்கள், மறுபடி எப்போது ஆள் எடுப்போம் என்று சொல்லுங்கள், அவருடைய தாள்களை எந்தத் தேதியில் அழிக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.